கொம்பும் காலும்

சுங்கை ரோட்டுச் சந்தை மூடுவதற்கு முந்திய ஞாயிறு,
தார்ப்பாயில் ஓடாத கைக்கடிகாரங்கள், ஒற்றை மிதியடி,
பல் போன சீப்பு.
மூக்குக்கண்ணாடிக் கூடு என்று நினைத்துத்தான் எடுத்தேன்.
திறந்தால் விசைப்பலகை.
பன்னிரண்டு வெள்ளி என்றார் திரு கோ.
வேலை செய்யுமா?
செய்தால் நான் ஏன் பன்னிரண்டு சொல்கிறேன்?

இதை வைத்து என்ன செய்வாய் என்று
செங்குட்டுவன் அன்று கேட்டார்.
கேள்வி இன்னும் மேசைமேல்தான் கிடக்கிறது.

எனக்கு வேலை தாய் செங்கில், தரவு நிலையத்தில், இரவு முறை.
கண்ணாடிக் கதவுக்கு அப்பால்
ஆயிரக்கணக்கில் கணினிகள் குளிரில் மூச்சு விடுகின்றன.
ஒன்றையும் எனக்குப் பெயர் சொல்லி அழைக்கத் தெரியாது,
வரிசை எண்தான்.
மூன்று மணிக்கு ஓய்வறையில்
மைலோ ஆறும்வரை
மடியில் இதைத் திறக்கிறேன்.
முப்பத்திரண்டு மெகாபைட்.
கைப்பேசியில் எடுத்த ஒரு நாசி லெமாக் படம்
இதற்குள் கால் நீட்டிப் படுக்க முடியாது.

இதன் பழைய குடித்தனக்காரர் விண்டோஸ், குட்டிப் பதிப்பு.
சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டவர்.
விரட்ட வழியில்லை.
அதனால் அவரையே முதலில் எழுப்புகிறேன்.
தேதி கேட்பார், சொல்கிறேன்.
பேனாவால் திரையின் நான்கு மூலையையும் தொடச் சொல்வார், தொடுகிறேன்.
அவர் சாவகாசமாக உட்கார்ந்த பிறகு
அட்டையிலுள்ள ஒரு சிறு நிரலை ஓட்டச் சொல்கிறேன்.
மறுபேச்சில்லை.
புதியவரை உள்ளே விட்டு, சாவியைக் கையில் கொடுத்து,
விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

ஒரு நொடி இருட்டு.
அந்த ஒரு நொடிக்காகத்தான் என்று
யாரிடமும் சொன்னதில்லை,
ஈசூன் ஃபட்ஸ்லியைத் தவிர.
அவரிடம் இதன் அண்ணன் இருக்கிறது, கீல் உடைந்து.

பிறகு வெள்ளை எழுத்துகள், வரிவரியாக.
நெட்பிஎஸ்டி
தன் உடம்பைத் தானே தொட்டு எண்ணுகிறது:
கடிகாரம் உண்டு. தொடுதிரை உண்டு.
அகச்சிவப்புக் கண் உண்டு (யாரைப் பார்க்க?).
ஒலிக்கு ஏதோ இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை.
தெரியவில்லை என்பதை
முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடும் ஒன்றை
நான் வேறெங்கும் சந்தித்ததில்லை,
நேர்முகத் தேர்வுகளில் நிச்சயமாக இல்லை.

எங்கள் வீட்டு வைஃபை இதைச் சேர்த்துக்கொள்ளாது.
இதற்குத் தெரிந்த பூட்டு அவ்வளவு பழசு.
சேர்க்கவும் நான் முயலவில்லை.

தமிழ் மட்டும் வேண்டியிருந்தது.
கட்டம் போட்ட தாளில் எட்டுக்குப் பதினாறு.
ட இரண்டே கோடு. ப இன்னொரு கோடு.
ஐ அடங்கவில்லை, இரண்டு இடம் கொடுத்ததும்
அகலமாக, திமிராக உட்கார்ந்தது.
ழ மூன்று வாரம் எடுத்தது.
ஒரு புள்ளி தவறினால் மு.
சரியாக வந்த விடியலில்
ஓய்வறையில் எழுந்து நின்றேன், யாருமில்லை,
மறுபடி உட்கார்ந்தேன்.

நேற்றுக் காலை வீட்டுக்கு வந்து
திறந்தபடியே வைத்துத் தூங்கிவிட்டேன்.
எழுந்து பார்த்தால்
விசைகளில் நான் ஒட்டியிருந்த எழுத்துகளைத் தேடித் தேடி
அவர் ஏதோ தட்டியிருக்கிறார்.
கொம்பை முன்னால் நகர்த்தும் வேலையை
நான் இன்னும் எழுதவில்லை.
முதலில் க நிற்கிறது,
பின்னால் இரட்டைக்கொம்பு, அதற்கும் பின்னால் கால்,
பிறகு என் ழ,
தலையிலிருந்து நழுவிய மேல்விலங்கோடு.

வெட்டிப்போட்ட மாதிரிதான் கிடந்தது.
கோழி வாங்கி வா, அரைக் கிலோ போதும்.

மின்கலம் ஏழு விழுக்காடு. சேமிக்கவுமில்லை அவர்.
பையை எடுத்தேன்,
செருப்பை மாட்டினேன்,
திரும்பி வந்து மின்னேற்றியைச் செருகிவிட்டுத்தான்
மின்தூக்கிக்குப் போனேன்.